பழங்குடிக் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதம்: இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் பெறுவது எப்படி?

4 மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, 9 மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "இவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மூளை வேகமாக வளரும் முதல் 3 வயதுக்குள் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

இதையும் கண்டறிய 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. பிறந்தது முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், 18 வயது வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் உண்டு. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். சந்தேகம் இருந்தால், வளர்ச்சித் தாமதத்துக்குச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். பேச்சு, இயன்முறைப் பயிற்சி, காது, கண் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். சாதிச் சான்றிதழ் தேவையில்லை. இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் பலவற்றில் அது இன்னும் கைக்கு வராததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குழு வரும் நாளில் பெற்றோர் மிளகு பறிக்கவோ செங்கல் சூளைக்கோ போயிருந்தால் குழந்தை விடுபட்டுப்போகும். அடுத்த தேதியை கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடலாம்.

இன்னொன்று முக்கியம். வீட்டில் பணியர் பழங்குடியின் மொழி பேசும் குழந்தை, வெள்ளை கோட்டு போட்டவர் தமிழில் "பந்து எங்கே?" என்று கேட்டால் வாய் திறக்காமல் நிற்கும். அது பேச்சுத் தாமதம் ஆகிவிடாது. அம்மாவோ ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளரோ தாய்மொழியில் கேட்கட்டும், அதன் பிறகு குறித்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி ஒரு நாளில் முடியாது. நீலகிரியில் கூடலூரிலிருந்து மாவட்டத் தலைநகர் ஊட்டிக்கே 50 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். அதனால் முதல் நாளே, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அம்மா கையாலேயே செய்து பார்க்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைபாடு உறுதியானால் அங்கேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான வழியையும் விசாரித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அந்த அட்டை வேண்டும்.