எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்: லாரி உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பழுதான லாரி எஞ்சினைப் பார்த்து, கோளாறு தயாரிப்பில் நேர்ந்ததா, பராமரிப்பில் நேர்ந்ததா, ஓட்டிய விதத்தில் நேர்ந்ததா என்று அறிக்கை எழுதித் தருவது என் தொழில். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து என்னைத் தேடி வரும் உரிமையாளர்களில் பலர் எஞ்சினைக் காட்டுவதில்லை. அதன் பாகங்களைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவருகிறார்கள். வாரண்டி மறுக்கப்பட்டுவிட்டது, கடன் தவணையான டியூ கட்ட வேண்டுமே என்று வெளிப் பட்டறையில் பிரித்தாயிற்று, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைக் கிரைண்டிங்குக்குக் கொடுத்தாயிற்று, பழைய ஆயிலை வடித்து ஊற்றியாயிற்று, இனி கம்பெனி மீது வழக்குப் போட வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய குறை முற்றிலும் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கக்கூடிய சான்று முழுவதும் அந்த எஞ்சினுக்குள்தான் இருந்தது, எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் அதைப் பிரித்த நாளிலேயே அது கலைந்துவிட்டது.

தயாரிப்புக் குறை பெரும்பாலும் ஒரே ஒரு வண்டியோடு நிற்பதில்லை. ஒரே மாதிரி வண்டிகளில், ஒரே பாகத்தில், நன்றாகப் பராமரித்தவற்றிலும் பராமரிக்காதவற்றிலும் ஒருசேர, குறைந்த கிலோமீட்டரிலேயே அது வெளிப்படும். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் டண்ட்ரா பிக்கப் உள்ளிட்ட ஏறத்தாழ 1 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது உலோகத்தைக் கடைந்த துகள்கள் முழுமையாக நீக்கப்படாமல் எஞ்சினுக்குள் தங்கி, சுழல்தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கைக் கெடுத்ததே காரணம். மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய ஏறத்தாழ 6 லட்சம் பிக்கப்களையும் பெரிய கார்களையும் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்து, சோதனையில் தேறிய எஞ்சின்களில் முன்னைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றச் செய்தது. எந்த ஆயிலை ஊற்றுகிறோம் என்பது பேரிங்கின் ஆயுளோடு தொடர்புடையது என்பதற்குத் தயாரிப்பாளரின் நடவடிக்கையே சாட்சியாக அமைந்த இடம் அது.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு சேர்ந்து, வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்திருக்கிறது. ஆயினும் சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில் இருப்போருக்கோ, சாலையில் செல்வோருக்கோ தீங்கு விளைவிக்கும் குறைகளுக்குரிய பிரிவு அது. ஆயில் குடிக்கும் ஒரு தனி எஞ்சினுக்காக உரிமையாளர் தாமேதான் போராட வேண்டும்.

அந்தப் போராட்டத்தில் அவர் முதலில் சந்திப்பது, பராமரிப்புக் குறைவு என்ற பதிலை. அந்தப் பதிலில் பல நேரங்களில் உண்மையும் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

கிரானைட் குவாரிகளிலும் கிரஷர்களிலும் ஓடும் டிப்பர்களில் நான் அதிகம் காண்பது தூசியால் தேய்ந்த எஞ்சின். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கழற்றி, டயருக்குக் காற்றுப் பிடிக்கும் குழாயை வைத்து ஊதி மீண்டும் மாட்டுவது எல்லாப் பட்டறைகளிலும் உள்ள வழக்கம். அந்த அழுத்தத்தில் ஃபில்டர் தாளில் விழும் கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருங்கல் தூசிக்கு அது பெரிய வாசல். உள்ளே இருக்கும் இரண்டாவது சிறிய ஃபில்டரையோ சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். தூசி சென்ற எஞ்சினைப் பிரித்தால், சிலிண்டரின் உள்ளுறையான லைனரில், பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடத்தில் படிபோல் தேய்மானமும், நெடுக்காகக் கீறல்களும், டர்போவின் காற்று உறிஞ்சும் பக்கத்து இறக்கைகளில் விளிம்பு மழுங்கலும் இருக்கும். ஆயிலை ஆய்வகத்தில் சோதித்தால் சிலிக்கான் அளவு உயர்ந்திருக்கும். இத்தனையும் சேர்ந்து இருக்கும்போது, லைனர் தரமற்றது என்று எந்த நேர்மையான பொறியாளரும் எழுத முடியாது. மாறாக, காற்று செல்லும் வழி முழுவதும் சுத்தமாக இருந்து ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தால், அது உரிமையாளருக்குச் சாதகமான அறிகுறி. அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர், பிஸ்டனை ஆயிலால் குளிர்விக்கும் குழாய், ரிங் இடைவெளி ஆகியவற்றைப் பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று குறிக்காமல் கழற்றிக் குவித்துவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை.

அடுத்தது தண்ணீர். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. குடிப்பதற்கு ஆற்று நீர் வந்த பிறகும், ரேடியேட்டருக்கு மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றுகிறோம். அதிலுள்ள உப்புகள் லைனரின் வெளிப்புறத்திலும் ஹெட்டிலும் காரையாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. அதைவிட முக்கியமானது, லைனர் ஓயாமல் அதிர்வதால் அதன் வெளிச்சுவரை ஒட்டி நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்துகொண்டே இருப்பதும், ஒவ்வொரு உடைப்பும் இரும்பைச் சிறிது கொத்திவிடுவதும் ஆகும். முறையான கூலண்டில் உள்ள சேர்மானங்கள் லைனர் மீது காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. வெறுந்தண்ணீரில் அது கிடையாது. நாளடைவில் லைனர் துளைபட்டு, தண்ணீர் ஆயிலில் கலந்து, பேரிங் போய்விடும். ஷோரூம்காரர் லைனரைத் திருப்பி வெளிப்பக்கத்துக் குழிகளைக் காட்டினால் அதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

தொப்பூர் கணவாய் இறக்கம் பிரேக்குக்கு மட்டும் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கி, வேகம் கைமீறியதும் சிறிய கியரைப் போட்டால், சக்கரம் எஞ்சினைத் தள்ளி அதன் உச்ச சுற்று எண்ணிக்கையைத் தாண்டச் செய்துவிடும். எஞ்சினின் கணினி டீசலை நிறுத்தலாமே தவிர, சக்கரம் தள்ளுவதை நிறுத்த முடியாது. வால்வு பிஸ்டனைத் தொட்ட தடம் பிஸ்டன் தலையில் பிறை வடிவில் பதிந்திருக்கும். எத்தனை சுற்று ஓடியது என்பதும் பல எஞ்சின்களின் கணினியில் பதிவாகியிருக்கும். இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது டீசல் செலுத்துவதே நின்றுவிடுவதால், நியூட்ரலில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதி வந்த பின் ஆயில் பற்றிய பழைய அனுபவம் பல இடங்களில் நமக்கே எதிராகத் திரும்பியிருக்கிறது. புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, குறித்த இடைவெளியில் தன்னைச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். கரி எரியும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. ஆகவேதான் சாம்பல் குறைந்த சி.கே.-4 போன்ற தரங்களைக் கையேடு கேட்கிறது. பழைய வண்டிக்கு வாங்கிய ஆயில் கேனையே புதிய வண்டிக்கும் ஊற்றினால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, குவாரிக்கும் கிரஷருக்கும் இடையே குறைந்த தூரமே ஓடும் டிப்பர்களில் இந்தச் சூடாக்கல் பாதியில் நின்றுவிடுவது வழக்கம். சூடாக்குவதற்கான டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே செலுத்தும் எஞ்சின்களில், அந்த டீசல் லைனர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையவே இல்லை, சற்று ஏறியும் இருக்கிறது என்று ஓட்டுநர் மகிழ்ச்சியோடு சொல்வார். ஆயில் மட்டம் ஏறினால் அஞ்ச வேண்டும். நீர்த்துப்போன ஆயிலில்தான் பேரிங் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஓட்டுநர்கள் யூரியா என்று சுருக்கமாகச் சொல்லும், புகையைச் சுத்திகரிப்பதற்கான டெஃப் திரவத்திலும் இதே கதைதான். அது 32.5 விழுக்காடு தூய யூரியாவும் கனிமம் நீக்கிய நீரும் கலந்தது. வயலுக்கு வரும் மானிய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து விற்பது சட்டத்துக்குப் புறம்பு, புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக்கும் கேடு. கணினியை ஏமாற்றும் சிறு பெட்டியை மாட்டி அந்த அமைப்பையே முடக்கிவிட்டால், பின்னர் வரும் வாரண்டிக் கோரிக்கையை நிறுவனம் மறுப்பதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை.

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குச் சென்றார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் நீக்கும் பொது நிபந்தனை கூடாது, அங்கு நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அந்த ஆணையின் உள்ளடக்கம். அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆணை கார்களைப் பற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. லாரி வழக்கில் அதை ஒரு வாதமாக வைக்கலாம், உத்தரவாதமாக நம்பக் கூடாது. என் கருத்தில், வாரண்டி இருக்கும் வரை எஞ்சின், எரிபொருள், புகை அமைப்பு ஆகியவற்றை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. வெளியில் ஆயில் மாற்றினால் ஆயிலின் தரம், ஃபில்டரின் பாக எண், அன்றைய கிலோமீட்டர், டிப்பராக இருந்தால் எஞ்சின் மணிநேரம் ஆகியவை எழுதிய பில் வேண்டும். சொந்தக்காரர் பட்டறை என்பதால் பில் கேட்கக் கூச்சப்படுவோரை நான் நிறையவே பார்க்கிறேன்.

சட்டத்தின் வாசலில் மற்றொரு தடை உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கு எதிராக லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றும் விளக்கியது. எனவே புகார் மனுவிலேயே பிழைப்புக்காக வாங்கினேன் என்பதைத் தெளிவாக எழுதி, ஓட்டுநர் உரிமத்தையும் இணைக்க வேண்டும். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவர் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்ல நேரும். பெரிய உரிமையாளருக்குப் பாதை கடினமாவது இங்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் நாவிஸ்டார் நிறுவனத்தின் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின்கள் தொடர்பாக உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2019இல் 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே எஞ்சின்களுக்காகத் தனியே வழக்காடிய டென்னசி போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு ஜூரி 2017இல் 3 கோடி டாலருக்கு மேல் வழங்கியும், மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2021இல் மாநில உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. வணிகர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்கும் வாரண்டிக்கும் வெளியே சென்று இழப்பைக் கேட்க முடியாது என்பதே சாரம்.

ஆகவே எஞ்சின் நின்றதும் செய்ய வேண்டியவை சில உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்த பின் வண்டியை ஊர் வரை ஓட்டி வராதீர்கள். அதற்குப் பின் விளைந்த சேதம் உங்கள் கணக்கில் சேரும். ஓடோமீட்டர் தெரியும்படி படம் எடுத்து, ஷோரூமில் வேலைப் பதிவுச் சீட்டான ஜாப் கார்டு திறந்து, குறையை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆயிலை வடிக்கும் முன் சுத்தமான பாட்டில்களில் இருதரப்புக் கையொப்பத்தோடு மாதிரி எடுத்து முத்திரையிட வேண்டும். எஞ்சின் கணினியில் உள்ள பிழைப் பதிவுகளை அழிக்கும் முன் அச்செடுத்துக் கேளுங்கள். பிரிக்கும் நாளை எழுத்தில் பெற்று, உங்கள் தரப்பில் ஒரு பொறியாளரை நிறுத்தி, பாகங்களைச் சிலிண்டர் எண்ணோடு படமெடுக்கச் செய்யுங்கள். வாரண்டி மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பிழைப்புக்காக வேறு இடத்தில் பிரித்தே தீர வேண்டிய நிலை வந்தால், தயாரிப்பாளருக்கும் ஷோரூமுக்கும் நாள், இடம் குறிப்பிட்டு விரைவுத் தபாலில் பதிவு செய்து அறிவிப்பு அனுப்பிவிட்டுப் பிரியுங்கள். அழைத்தும் வராதவர் பின்னர் தமக்குத் தெரியாமல் பிரித்ததாகக் கூறுவது எடுபடாது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது திருப்திச் சீட்டில் கையொப்பம் கேட்பார்கள். குறை தீராவிட்டால் ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையொப்பமிடலாம்.

வழக்கில் என்ன கிடைக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். புதிய வண்டியே வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் இடையிலான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், குறைபட்ட பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்பதே வாரண்டியின் எல்லை என்றால் முழு வண்டியை மாற்ற உத்தரவிட முடியாது என்று கூறியது. வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பைப் பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன. கடன் கொடுத்த நிறுவனமும் வழக்கு முடியும் வரை டியூவுக்குக் காத்திருக்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் தேவை எனக் கருதினால் பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அனுப்புவதற்குப் பாகம் இருக்க வேண்டும்.

வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணமும் மிகக் குறைவு. காலக்கெடு மட்டும் இரண்டு ஆண்டுகள், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து. ஷோரூமுக்கு நடந்த நடைகளும் அனுப்பிய கடிதங்களும் அந்தக் கெடுவைத் தாமாக நீட்டுவதில்லை. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். சரிசெய்து தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார்கள் என்பதைக் காட்டுவதற்கு, ஒவ்வொரு முறையும் திறந்த ஜாப் கார்டின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.