கோர்ஜோ என்பது யாருடைய பெயரும் இல்லை

போன வாரம் செம்மையாக்கத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ரோமா (ஜிப்ஸி என்பார்களே, அவர்கள்) குடும்பம் ஒன்றின் கதை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் 'ஜார்ஜியோ' என்பவனைக் கட்டிக்கொள்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஜார்ஜியோ சகோதரர்கள் மூவர் குதிரை வாங்க வருகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் சந்தை முழுக்க ஜார்ஜியோக்கள். இத்தனை இத்தாலியர்களுக்கு அந்தக் கிராமத்தில் என்ன வேலை என்று மொழிபெயர்த்தவருக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் பிழையை நான் திருத்துவது இது நாலாவது தடவை.

அந்தச் சொல் கோர்ஜோ. ரோமா இனத்தில் பிறக்காத எவரையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், உங்களையும் என்னையும் சேர்த்து. ஆங்கிலத்தில் gorgio என்று எழுதும்போது வால்பகுதி இத்தாலியப் பெயர்போல அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான். 1851இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் பாரோ வெளியிட்ட 'லாவெங்ரோ'வில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தலைப்பே ரோமானி, அதாவது ரோமா மக்களின் மொழிதான். 'லாவ்' என்றால் சொல். லாவெங்ரோ என்றால் சொல்லில் கைதேர்ந்தவன். ஐரோப்பாவின் பிற நாடுகளில் இதே சொல் 'காஜோ'. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'கேட்ஜி' என்றால் வெறுமனே 'ஆள்'. அங்கே ரோமாவா இல்லையா என்ற பேச்சே கிடையாது.

இதை எடுத்துச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஓ, ருமேனியா பாஷையா?" இல்லை. ருமேனிய மொழி லத்தீனின் பிள்ளை. ரோமானி இந்திய ஆரிய மொழி, இந்திக்கு உறவு. ருமேனியா என்ற பெயர் ரோமாபுரியிலிருந்து வந்தது. 'ரோம்' என்றால் ரோமானியில் ஆண், கணவன். ருமேனியாவில் ரோமா மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உண்மைதான். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ரோமானியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்', மனிதன் 'மனுஷ்'. இதைக் கேட்டபிறகும் ருமேனியா என்பவரிடம் நான் என்ன சொல்ல? ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் 'பால்'கூட ரோமானியில் சகோதரன் என்ற சொல்தான். ஊரோடு ஒட்டிவிட்டதால் யாரும் அதை விசாரிப்பதில்லை.

சரி, இனி வேலைக்கு வருவோம். சொல் சாய்வெழுத்தில் இருந்தால் நில்லுங்கள். பெயர் என்று முடிவு கட்டுமுன் அதற்கு முன்னால் 'ஒரு' வருகிறதா, பன்மை வருகிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து ரோமா மக்கள் தங்கள் சொற்களை ஆங்கில இலக்கணத்தில் வைத்துப் பேசுவதால் பன்மைக்கு 'ஸ்' ஒட்டியிருக்கும். அது குடும்பப் பெயர் இல்லை. கையடக்க அகராதியில் இல்லையென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியைத் திறங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆங்கில ரோமானிக்கென்றே ஒரு சொல்தொகுப்பு செய்திருக்கிறார்கள். தயவுசெய்து 'வெள்ளைக்காரன்' என்று போடாதீர்கள். தோல் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னைக் கேட்டால் கோர்ஜோ என்றே விட்டுவிடலாம், இரண்டு பக்கத்தில் வாசகருக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் ஒன்று: ஜிப்ஸி என்று வந்ததும் 'நரிக்குறவர்' என்று எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை பாக்கி இருக்கிறது.

நேற்று மொழிபெயர்ப்பாளரிடம் போனில் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "அப்ப அந்த மூணு பேரும் அண்ணன் தம்பி இல்லையா மேடம்? அத்தியாயத் தலைப்பே அப்படித்தானே வச்சிருக்கேன்" என்றார்.