மாலியின் ‘பாதுகாப்பு அமைச்சர்’ யார்? – சொல் விளக்கம்

2021 மே 24 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் புதிய அமைச்சரவைப் பட்டியல் வெளியானது. பழைய அமைச்சரவையில் இருந்த சாடியோ கமாரா, மோதிபோ கோனே என்ற இரண்டு கர்னல்களின் பெயர்கள் அதில் இல்லை. சில மணி நேரத்திலேயே இடைக்கால அதிபர் பா இந்தாவையும் பிரதமர் மொக்தார் வானையும் படையினர் பிடித்துக் காதி என்ற ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தன்னைக் கேட்காமல் இந்த இரண்டு பொறுப்புகளிலும் கை வைத்துவிட்டார்கள் என்பதுதான் துணை அதிபர் அசிமி கோய்த்தா சொன்ன காரணம்.

அப்படி என்ன பொறுப்புகள் அவை? பிரெஞ்சில் சொன்னால், கமாரா வகித்தது ‘தெஃபான்ஸ்’. கோனே வகித்தது ‘செக்யூரித்தே’. தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்தான் கைக்கு வருகிறது. ஓர் ஆட்சியே கவிழ்ந்த செய்தியில் யார் எந்தப் பதவியில் இருந்தார் என்பது படிப்பவருக்குப் புரியாமல் போனால், அது சின்னக் குறையல்ல.

வேரைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பிரெஞ்சு ‘தெஃபான்ஸ்’ லத்தீனில் அடித்து விலக்குதல், வருவதைத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. எதிரே ஒருவன் வருகிறான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘செக்யூரித்தே’ அப்படியல்ல. ‘கவலை இல்லாமல்’ என்பதே அதன் லத்தீன் மூலம். ஒன்று எல்லையில் செய்யும் வேலை, மற்றொன்று ஊருக்குள் மக்கள் அச்சமின்றி இருக்கும் நிலை.

அமைச்சரைக் குறிக்கும் பிரெஞ்சு ‘மினிஸ்த்ர்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் பணியாள் என்று பொருள். ‘குறைந்தவன்’ என்பது அதன் அடி. நம் ‘அமைச்சர்’ வேறு வழியில் வந்தவர். வடமொழி ‘அமாத்ய’ என்பதோடு அதைச் சேர்ப்போர் உண்டு, ‘அமை’ என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. திருக்குறளில் ‘அமைச்சு’ என்று ஓர் அதிகாரமே இருப்பதால் சொல்லின் பழமையில் ஐயமில்லை.

பதவியின் பெயரும் முன்பு இப்படி இருந்ததில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலம் ‘போர் அமைச்சர்’ என்றே சொன்னார்கள். பிரான்சில் ‘தெஃபான்ஸ்’ என்ற பெயர் 1930களில் தலைகாட்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலானது. 1960இல் விடுதலை பெற்ற மாலி, அந்தப் புதிய பெயரையே பிரெஞ்சு நிர்வாக முறையோடு சேர்த்து எடுத்துக்கொண்டது.

அங்கே பதவியின் முழுப்பெயர் ‘மினிஸ்த்ர் த லா தெஃபான்ஸ் ஏ தேஸான்சியேன் கொம்பத்தான்’. பின்பாதிக்கு ‘முன்னாள் போர்வீரர்கள்’ என்று பொருள். இதை அலங்காரம் என்று வெட்டிவிடக் கூடாது. மாலி பிரெஞ்சு சூடான் என்று அழைக்கப்பட்ட காலத்தில் இந்த மண்ணிலிருந்து ஏராளமான இளைஞர்கள் பிரான்சுக்காகப் போருக்குப் போனார்கள். 1944 டிசம்பர் 1 அன்று, செனகலின் டாக்கருக்கு அருகே தியாரோய் முகாமில், சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்ட மேற்கு ஆப்பிரிக்க வீரர்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டுக் கொன்றது. பிழைத்து முதுமை கண்டவர்களின் ஓய்வூதியத்தையும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் உறையவைத்தது. பிரெஞ்சுக்காரருக்கு ஏறிக்கொண்டே போன தொகை இவர்களுக்குப் பல்லாண்டுகள் ஏறவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இத்தகைய முன்னாள் வீரர்கள் அந்நியமாக இருக்கமாட்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அங்கே ‘சொல்தா’ என்று சொல்லும் வழக்கம் உண்டு.

சரி, மாலியில் இந்த அமைச்சர் செய்வது என்ன? படைகளின் தலைமை அதிபருடையது. ஆள் சேர்ப்பு, ஆயுதம், சம்பளம், தளவாடம் எல்லாம் அமைச்சரின் பொறுப்பு. ஆயுதம் போதவில்லை என்றால் சிப்பாயின் கோபம் முதலில் அவர்மேல்தான் விழும். 2012 மார்ச் 21 அன்று காதி முகாமில் அதுதான் நடந்தது. வடக்கே துவாரக் இனக் கிளர்ச்சியாளர்களிடம் தோற்றுக்கொண்டிருந்த படையினரைச் சமாதானப்படுத்த தெஃபான்ஸ் அமைச்சர் ஜெனரல் சாடியோ காசாமா அங்கே போனார். கற்கள் பறந்தன. சிப்பாய்கள் ஆயுதக் கிடங்கை உடைத்துத் தலைநகர் பமாக்கோவுக்குள் இறங்கினார்கள். மறுநாள் அதிபர் அமாது துமானி தூரேயின் ஆட்சி முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். இந்தக் காசாமா, அதற்கு முந்தைய மாதம்வரை உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனித்தவர். அவரும் அதுவரை தெஃபான்ஸ் அமைச்சராக இருந்தவரும் பிப்ரவரியில் இடம் மாற்றிக்கொண்டார்கள். வழக்கமான தமிழில் எழுதினால் ‘பாதுகாப்பு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் ஆனார்’ என்றுதான் வரும்.

அப்புறம் எந்தச் சொல்லைப் போடுவது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘தற்காப்பு அமைச்சர்’ என்கிறார்கள். வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமான சொல் அதுதான். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தற்காப்பு என்றதும் கராத்தேதான் நினைவுக்கு வரும். நாளிதழ்களில் புழங்கும் ‘ராணுவ மந்திரி’ எளிய சொல், ஆனால் மாலிக்கு ஒத்துவராது. ராணுவ ஆட்சி நடக்கும் நாட்டில் ‘ராணுவ அமைச்சர்’ என்றால் பதவியில் ராணுவத்தார் இருக்கிறார் என்றே படும். எல்லாரும் அப்படியல்ல. 2013இல் அப்பதவிக்கு வந்த சூமெய்லூ பூபே மைகா பத்திரிகையாளராக இருந்தவர். 2014 மே மாதம் வடக்கே கிடால் நகரில் படை தோற்ற பின் அவர் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் படை அதிகாரி பா இந்தாவ். 2021இல் காதிக்குக் கொண்டுபோகப்பட்ட அதே அதிபர்.

என் தேர்வு ‘படைத்துறை அமைச்சர்’. தரைப்படை, விமானப்படை, தேசியக் காவல்படை எல்லாம் அதில் அடங்கும். யாரிடம் படை இருக்கிறது என்பதும் சட்டென்று புரியும். செக்யூரித்தேவுக்கு ‘உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்’. தேசியக் காவல்படையும் ஜொந்தார்மரி என்ற காவற்படையும் மட்டும் இரண்டுக்கும் நடுவே நிற்கும்: நிர்வாகம் படைத்துறையிடம், அன்றாடப் பணி உள்நாட்டுப் பாதுகாப்பிடம்.

பக்கத்து நாடான செனகலில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே பதவியின் பெயரே ‘ஆயுதப்படைகள் அமைச்சர்’. அதைப் ‘படைத்துறை அமைச்சர்’ என்று நேராகவே எழுதிவிடலாம்.