பட்டாணிக் கொடியின் இருட்டு ஞாபகம்

"அவரைக்கு ஊன்றிய மாதிரிக் கழியைத்தான் பட்டாணிக்கும் ஊன்றினேன். அவரை ஏறிவிட்டது, பட்டாணி தரையிலேயே கிடக்கிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கொடி மேல் குற்றமில்லை, கழிதான் அதற்கு ரொம்பத் தடிமன். அவரை தன் தண்டாலேயே கழியைச் சுற்றிக்கொண்டு ஏறும். கட்டைவிரல் பருமன் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பட்டாணியின் தண்டு சுற்றாது. அதன் கூட்டிலையின் நுனியில், சிற்றிலைகள் இருக்க வேண்டிய இடத்தில், நூல்போல நீண்டிருக்கும் பற்றுக்கம்பிகள்தான் அதற்குக் கை. நூலால் கழியை அணைத்துப் பிடிக்க முடியுமா? மிலாறு, வலை, சணல் என்று மெல்லியதாக எதையாவது கொடுக்க வேண்டும்.

இளம் பற்றுக்கம்பி சும்மா தொங்குவதில்லை. தண்டின் நுனியோடு சேர்ந்து காற்றில் மெல்ல வட்டமடித்துத் துழாவிக்கொண்டே இருக்கும். டார்வின் கொடிகளைப் பற்றி 1865இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். துழாவும்போது ஏதாவது தட்டுப்பட்டால் ஆட்டம் மாறும். பென்சில் முனையால் கம்பியின் உட்புறத்தை, அதாவது கீழ்ப்பக்கத்தை, நாலைந்து தடவை லேசாகத் தடவிவிட்டுப் போய் அரை மணி கழித்து வாருங்கள், வளைந்திருக்கும். தொட்ட பக்கத்து செல்கள் சுருங்குகின்றன, எதிர்ப்பக்கத்து செல்கள் நீள்கின்றன. அவ்வளவுதான் சூட்சுமம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. எம். ஜே. ஜாஃபி என்ற தாவரவியலாளர் பட்டாணிப் பற்றுக்கம்பிகளைச் செடியிலிருந்து நறுக்கி எடுத்து ஆராய்ந்தவர். நறுக்கிய பிறகும், வெளிச்சம் இருந்தால், தடவிய கம்பி சுருளும். இருட்டில் தடவினால் சுருளாது. இருட்டில் அதற்கு உணர்ச்சியே இல்லை போலும் என்று யாரும் முடிவுகட்டிவிடுவார்கள். ஜாஃபி அங்கே நிற்கவில்லை. இருட்டில் தடவிய கம்பியை ஒரு மணி, இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி தொடவேயில்லை. கம்பி தானாகச் சுருண்டது!

தொட்டது அதற்கு அப்போதே தெரிந்துவிட்டது. கை மட்டும்தான் அசையவில்லை. உணர்வது ஒரு வேலை, அசைவது வேறு வேலை. சுருளும்போது கம்பிக்குள் இருக்கும் ஏடிபி, அதாவது செல்கள் வேலை செய்யச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, குறைகிறது என்று அவரும் ஆர்தர் கால்ஸ்டனும் 1966லேயே காட்டியிருந்தார்கள். சுருளுவது செலவு பிடிக்கிற காரியம். இருட்டுப் பரிசோதனை வெளியானது 1977இல். மூளை இல்லை, நரம்பு இல்லை, செடியோடு ஒட்டுகூட இல்லை. ஒரு நறுக்குத் துண்டு இரண்டு மணி நேரம் ஒரு தொடுகையை நினைவில் வைத்திருக்கிறது. செடிக்குப் பாட்டுப் போட்டால் காய் அதிகம் பிடிக்கும் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறையாவது அனுப்பலாம்.

"பட்டாணிக் கம்பியைத் தடவிப் பார்க்கப் பணமா?" என்று கேட்கும் நிதிக்குழுக்களும் உண்டு. சிற்றிலையெல்லாம் கம்பியாக மாறிப்போன ஒரு விகாரம், அதாவது மரபணு மாற்றம், பட்டாணியில் இருக்கிறது, பெயர் அஃபிலா. பார்க்க வெறும் வேடிக்கைதான். ஆனால் அந்தச் செடிகள் பக்கத்துச் செடியையே பிடித்துக்கொண்டு நிற்பதால் எளிதில் சாய்வதில்லை. இன்று உலர்பட்டாணிக்காகப் பயிரிடும் ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்த விகாரம் இருக்கிறது. வேடிக்கை பார்த்தவர்களால் வந்த லாபம் இது.

கேள்வி கேட்டவருக்கு: கழிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். இரண்டு கழிகளுக்கு நடுவே அரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே சணல் கட்டி, கிடக்கும் கொடியைத் தண்டு ஒடியாமல் தூக்கி அதன்மேல் சாத்தி, தளர்வாக ஒரு முடிச்சுப் போடுங்கள். எதையும் பிடிக்காமலே முதிர்ந்துவிட்ட கம்பிகள் இனி உதவாது. நுனியில் புதிதாக விரியும் இலைகளின் கம்பிகள் பார்த்துக்கொள்ளும்.