ஏவுதளத்தில் எழும் அமில மேகம் எந்தப் பக்கம் போகும்?

புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து 2011 வரை பறந்த விண்வெளி ஓடங்களின் இரு திட எரிபொருள் பூஸ்டர்களில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 டன் எரிபொருளைச் சுமந்தது. அதில் பத்தில் ஏழு பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்பதால், புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் பெருமளவில் வெளியேறியது. ஏவுமேடையில் பாய்ச்சப்படும் நீரில் அது கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளிகளாகி, மேடையை ஒட்டிய செடிகளைக் கருக்கியதோடு, அருகிலிருந்த ஆழமற்ற நீர்நிலையின் சிறு மீன்களையும் கொன்றது. ஆனால் இந்தப் பாதிப்பு மேடையின் சுற்றுவட்டத்தோடு நின்றுவிடும். வானில் எழுந்த மேகம் எந்த ஊரின் மீது இறங்கும் என்பதே கடினமான கேள்வி.

தரையில் வீசும் காற்றைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. சூடான மேகம் சுற்றுப்புறக் காற்றைத் தன்னுள் இழுத்துக் குளிர்ந்தபடியே மேலேறி, தன் வெப்பநிலையும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையும் சமமாகும் உயரத்தில், பெரும்பாலும் ஒரு கிலோமீட்டரை ஒட்டி, சில நிமிடங்களில் நிலைகொள்கிறது. கீழே கடற்காற்று உள்நாட்டை நோக்கி வீச, அந்த உயரத்தில் காற்று கடலை நோக்கி வீசக்கூடும். அப்போது ஒரே மேகத்தின் அடிப்பகுதியும் உச்சியும் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து போகும். மேலே குளிர்ந்த காற்றும் கீழே சூடான காற்றும் என்ற வழக்கமான நிலை மாறி, சூடான அடுக்கு ஒன்று மூடிபோல மேலே அமர்ந்திருந்தால், அதன் கீழ் சிக்கிய வாயு கலைந்து போக வழியில்லாமல் தரைக்குத் திரும்பும்.

ஆகவே ஏவுதலுக்கு முன் வானிலை பலூன்களைப் பறக்கவிட்டு, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம், திசை, வெப்பநிலை ஆகியவற்றை அளந்து, ரீடம் எனப்படும் கணினி மாதிரிக்குக் கொடுத்தார்கள். கணக்கு சரிதானா என்று பார்க்க மேகத்தையே பின்தொடர வேண்டும். வெவ்வேறு இடங்களில் நிறுத்திய கேமராக்களின் கோணங்களிலிருந்து அதன் உயரத்தையும் பருமனையும் கணக்கிடலாம். வெளிறிக் கண்ணுக்குத் தப்பிய பிறகும் அகச்சிவப்புக் கேமராவுக்கு அது சிறிது நேரம் புலப்படும். 1990களில் இதற்காகவே சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற நச்சற்ற வாயுவைக் காற்றில் விட்டு, அது எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கே இருந்தாலும் கருவிகள் அதைக் கண்டுகொள்ளும்.

வெடிப்புக்குத் தனிக் கணக்கு வேண்டும். 1997 ஜனவரி 17 அன்று கேப் கனாவரலில் டெல்டா 2 ராக்கெட் கிளம்பிய 13ஆவது விநாடியில் வெடித்தபோது, எரியும் திட எரிபொருள் துண்டுகள் தரையில் சிதறின. அப்படிச் சிதறியவை விழுந்த இடத்திலிருந்தே புகையைக் கிளப்புவதால், ஒரே இடத்தில் எழும் ஏவுதல் மேகத்தைப் போல் இதைக் கணிக்க இயலாது. ராக்கெட்டில் எந்தக் குறையும் இல்லாத நாளிலும், வெடித்தால் புகை குடியிருப்புகளை நோக்கிப் போகும் என்று கணக்கு காட்டினால், காற்று திரும்பும்வரை ஏவுதலை நிறுத்திவைப்பார்கள்.