வாட்டர் ஃப்ளாசர் பற்காரையைப் பெயர்க்காது: வாங்கும் முன் ஒரு பல் மருத்துவரின் வேண்டுகோள்

கீழ் முன்பற்களின் உட்புறத்தில் படிந்திருந்த காரையை வீட்டிலேயே பெயர்த்துவிடலாம் என்று நம்பி, பல் இடுக்குகளை நீர் பீய்ச்சிக் கழுவும் கருவியான வாட்டர் ஃப்ளாசரை உச்ச அழுத்தத்தில் வைத்து நாள்தோறும் ஒரே இடத்தில் பீய்ச்சி, ஈறு புண்ணாகி வந்த இன்னொருவருக்கு இந்த வாரமும் சிகிச்சை அளித்தேன். காரை அசையவே இல்லை. இத்தகையோர் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், சிகிச்சை நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

பற்களின் மேல் தினமும் படிவது கிருமிகள் நிறைந்த மென்மையான படலம். அதைப் பிரஷ் அகற்றும், பல்லிடுக்கில் செலுத்தும் நூல் அகற்றும், நீரும் ஓரளவு அகற்றும். அகற்றாமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, சில நாள்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். அப்படி இறுகியதே காரை. அது பல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களுக்குள் பற்றிக்கொண்டிருப்பதால், வீட்டுக் கருவி தரும் எந்த அழுத்தத்துக்கும் அசைந்து கொடுக்காது.

“காரையைப் பெயர்க்க ஸ்கேலிங் செய்யும்போது நீங்களும் தண்ணீரைத்தானே அடிக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். இல்லை. காரையைப் பெயர்ப்பது எங்கள் கருவியின் உலோக முனை. வினாடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 முறை அதிரும் அந்த முனை சூடேறாமல் இருக்கவும், பெயர்ந்த துகள்களைக் கழுவிவிடவுமே நீர் பாய்கிறது. அந்த முனையைக் கொண்டும்கூடச் சில பற்களில் நாங்கள் நெடுநேரம் போராட வேண்டியிருக்கிறது. எனவே முதலில் ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள்; புதிய படலம் சேராமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிறகு இந்தக் கருவிக்குக் கொடுங்கள். பிரஷுக்கும் இது மாற்று அல்ல.

காரையைப் பெயர்க்கும் ஆசையை விட்டுவிட்டால், பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச அழுத்த எண்ணுக்கு மயங்க வேண்டிய தேவையும் இராது. மேசையில் வைக்கும் கருவிகள் பலவற்றில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ. (நீரழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் தொடங்கி 100 பி.எஸ்.ஐ. வரை செல்லும். நான் கேட்பது முதல் எண்ணைத்தான். வீங்கிய ஈறு உள்ளவர் தாழ்ந்த அழுத்தத்தில் தொடங்கி, வலியில்லாத அளவுக்குள் மெல்ல உயர்த்திக்கொள்ள முடிய வேண்டும். இரண்டே நிலைகள் உள்ள கருவியில் அது இயலாது.

தொட்டியின் கொள்ளளவையும் பாருங்கள். சுமார் 600 மில்லி கொள்ளும் தொட்டி, ஒன்றரை நிமிடம் இடையறாமல் வாய் முழுவதையும் சுற்றிவரப் போதுமானது. கையில் பிடிக்கும் சிறிய கருவிகளில் நீர் பாதியில் தீர்ந்துபோக, மீண்டும் நிரப்பச் சோம்பல்பட்டுக் கடைவாய்ப் பற்களை விட்டுவிடுவார்கள்; அதிகம் கவனிக்க வேண்டிய இடமே அதுதான். தொட்டி முழுவதுமாகக் கழன்று வருகிறதா, உட்புறத்தை விரல்விட்டுத் தேய்க்க முடிகிறதா என்று சோதித்து வாங்குங்கள். தேங்கிய நீரில் தொட்டியும் குழாயும் வழுவழுப்பாகக் கிருமிப் படலம் கட்டும். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய நீரைக் கொட்டிவிட்டு, கருவியைச் சிறிது நேரம் வெறுமையாக ஓடவிட்டு, தொட்டியைத் திறந்து காயவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மின்னழுத்தம் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது.

முனைகள் தனியாகக் கிடைக்காத கருவி எதற்கு? கிளிப் போட்டிருப்பவர்களுக்குச் சிறு தூரிகை உள்ள முனையும், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் செயற்கைப் பல்), இம்ப்ளாண்ட் (தாடையெலும்பில் பொருத்திய செயற்கைப் பல் வேர்) உள்ளவர்களுக்கு மெல்லிய இழைகள் உள்ள முனையும் பயன்படும். இவர்களுக்கு இந்தக் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஈறு இறங்கிப் பற்களுக்கிடையே அகன்ற சந்து விழுந்தவர்களுக்கோ, அளவு பார்த்து வாங்கிய இடைப்பல் பிரஷே பெரும்பாலும் மேலானது. பல்லை விட்டு ஈறு விலகி உண்டான ஈறுப்பைக்குள் நீர் செலுத்தும் மென்ரப்பர் முனையை, மருத்துவர் காட்டிக்கொடுத்த பிறகு, மிகக் குறைந்த அழுத்தத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே கருவியை வீட்டார் அனைவரும் பயன்படுத்தலாம். முனை மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும், அதையும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றி, வாஷ்பேசின் மேல் குனிந்து, முனையை வாய்க்குள் வைத்த பிறகு இயக்குங்கள். உதடுகளை இலேசாக மூடி, நீர் தானாக வழிந்துபோக இடம் கொடுங்கள். பல்லும் ஈறும் சேரும் கோட்டின் மேல் நேர்குத்தாகப் பீய்ச்சி, ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு நொடி நின்று நகருங்கள். ஈறுக்கு அடியில் குத்திப் பாய்ச்ச வேண்டாம். உப்பு, மவுத்வாஷ் போன்றவற்றைக் கருவியின் கையேடு அனுமதிக்காவிட்டால் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பல் பிடுங்கியிருந்தால், மருத்துவர் சொல்லும்வரை கருவியைத் தொடவே கூடாது. குழியில் உறைந்திருக்கும் இரத்தத்தை நீர் அடித்துப் போய்விட்டால், எலும்பு வெளிப்பட்டுப் பொறுக்க முடியாத வலி வரும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களும், முன்பு இதய உள்ளுறைத் தொற்றுக்கு ஆளானவர்களும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தொடக்கத்தில் சில நாள்கள் ஈறில் சிறிது இரத்தம் கசிந்தால் அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்தைக் குறைத்துத் தொடருங்கள். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால், அருள்கூர்ந்து வேறு முனையையோ வேறு கருவியையோ தேடிக்கொண்டிருக்காமல், ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.