ஒரே மண்டபம், இரண்டு கல்யாணம்

மண்டப முன்பதிவுகள் ஒரு தரவுத்தளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் 12 வரை ஒருவர் எடுத்துவிட்டார். இன்னொருவர் 11 முதல் 3 வரை கேட்கிறார். ஒரே பதிவு இரண்டு முறை வராமல் பார்க்கும் 'யுனிக்' கட்டுப்பாடு இவரைத் தடுக்காது. அதற்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்விதான்: இரண்டும் அச்சு அசலாக ஒன்றா? இல்லையே, உள்ளே விட்டுவிடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 2010-இல் வந்த 9.0 பதிப்பு, அந்தக் கேள்வியை மாற்றும் உரிமையை நம்மிடமே கொடுத்தது:

எக்ஸ்க்ளூட் யூசிங் ஜிஸ்ட் (மண்டபம் வித் =, நேரம் வித் &&)

&& என்றால் 'ஒன்றோடொன்று மோதுகிறதா?' எந்த இரண்டு வரிசைகளை, அதாவது பதிவுகளை, எடுத்தாலும், எல்லா ஒப்பீடுகளுக்கும் ஒருசேர 'ஆம்' என்று விடை வரக் கூடாது. எந்த வரிசை முதலில் வந்தாலும் விடை மாறக் கூடாது என்பதால், இடம் வலம் மாற்றினாலும் அதே விடை தரும் குறிகளை மட்டுமே இங்கே போடலாம். நேர இடைவெளிக்கென்று தனித் தரவு வகை 2012-இல், 9.2 பதிப்பில்தான் வந்தது. அதனாலோ என்னவோ, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு வட்டங்களைப் பற்றியது!

வசதிதான். ஆனால் 'ஜிஸ்ட்' என்பது, தேடலை விரைவாக்க உள்ளே வைத்திருக்கும் இன்டெக்ஸில் ஒரு வகையின் பெயர். சாப்பிட வந்தவரிடம் எந்த அடுப்பு என்று கேட்பது போல இருக்கிறது. மண்டப எண்ணையும் அதே இன்டெக்ஸில் சேர்க்க 'பிட்ரீ ஜிஸ்ட்' என்ற நீட்சியை வேறு நிறுவ வேண்டும்.

தரவுத்தளங்களுடன் பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் 2011 தரநிலை வேறு வழியில் போனது:

பிரைமரி கீ (மண்டபம், நேரம் வித்தவுட் ஓவர்லாப்ஸ்)

பிரைமரி கீ என்பது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் சாவி; 'வித்தவுட் ஓவர்லாப்ஸ்' என்றால் 'மோதல் இல்லாமல்'. எப்படிச் செய்வது என்ற பேச்சே இல்லை, என்ன வேண்டும் என்பது மட்டும். 'வித்தவுட்', 'ஓவர்லாப்ஸ்' என்ற இரண்டு சொற்களும் எஸ்கியூஎல்லுக்குப் பழையவை. 'டைம்ஸ்டாம்ப் வித்தவுட் டைம் ஸோன்' என்று எழுதாதவர் யார்? புதுச் சொல்லை மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்டால், அதே பெயரில் யாரோ வைத்திருக்கும் நெடுவரிசை மறுநாள் பிழை காட்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதை 17-ஆம் பதிப்புக்கென்று சேர்த்து, 2024 மே மாதம் திரும்பப் பெற்றது. காரணம், வெற்று இடைவெளி, அதாவது உள்ளே ஒரு கணம்கூட இல்லாத நேர இடைவெளி. அது எதனுடனும் மோதாது, தன்னுடனேகூட. ஆகவே ஒரே மண்டபம், ஒரே வெற்று நேரம் என்று இரட்டை வரிசைகள் நுழையலாம். எக்ஸ்க்ளூடிலும் அதே ஓட்டை உண்டு. ஆனால் அது 'மோதாது' என்று மட்டுமே சொன்னது. பிரைமரி கீ என்ற பெயரோ 'இரட்டை வராது' என்று வாக்குக் கொடுக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பில், இந்தக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் வெற்று இடைவெளியைப் போட்டால் பிழைதான்.